கொந்தரப்பு இல்லாத வேலை

அமராவதி கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது காலை மடக்காமல் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து மாயாண்டி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றான். கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிக்கும் வரை வாய் திறக்க ஏலாது.

"என்னா புள்ள, கூரைய ஒதைக்கப் போறியா? நான் போட்ட ஓடு, ஏற்கனவே ஒழுகுது. பாத்து ஒத."

எண்ணிக்கை குழம்பிப் போனது. காலைப் பொத்தென்று போட்டுவிட்டு அவனை முறைத்தாள். அவன் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அடுப்புப் பக்கமே வராத மனிதன். இப்போது இரண்டு மாதமாகச் சோறும் பருப்பும் அவன் கையால்தான். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் இருக்கவே இருக்காது.

அவள் காலுக்கு இது நேர்ந்தது ஐப்பசி விதைப்பு நேரத்தில். கூலியாட்களை ஏற்றிப் போகும் தயாபரனின் டிரக்டர் பெட்டி வயலோரம் போய் நின்றதும் எல்லாப் பெண்களும் குதிப்பதைப் போல அவளும் குதித்தாள். மழை விழுந்து ஊறிய சேறு காலை முழங்கால் வரை பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ தெறித்தது அவளுக்கு மட்டும் கேட்டது. முழங்காலுக்குள் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, வெட்டத் தேவையில்லை, ஆனால் தொடைச் சதையைப் பலமாக்கினால்தான் அந்தக் கால் உடம்பைத் தாங்கும் என்று டொக்டர் சொன்னார்.

நெடுங்கேணிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தயாபரனின் டிரக்டர் விடியப்புறம் வந்து நிற்கும். ஏறினவர்களுக்கு அன்றைக்கு வேலை. அவன் கூடாத மனிதன் இல்லை. உடம்புக்கு வருத்தமென்று போனால் பஸ்ஸுக்குக் காசு தருவான். ஆனால் பெட்டியில் ஏற ஒருத்தி தடுமாறினால் அடுத்த நாள் அவளைக் கூப்பிடமாட்டான். விழுந்து கிழுந்து போனால் தன் தலையில் வந்து விடியும் என்ற பயம் அவனுக்கு. அப்படி நின்றுபோன பெண்களை அமராவதி பார்த்திருக்கிறாள். முதல் நாள் ஒருத்தியின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். ஒரு கிழமை போனால் அவள் வீட்டு வாசலில் நின்று, டிரக்டர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாசியில் கச்சான் கடலை பிடுங்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னம் ஒருத்தர் கையும் பிடிக்காமல் அந்தப் பெட்டியில் ஏறிவிட வேண்டும். கும்பிடப் போனால்கூட அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

வவுனியா ஆசுப்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்த பிள்ளையின் பெயர் பிரேமிளா. யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அமத்தச் சொன்னாள், காலை நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், குதிக்காலைக் கட்டிலில் உரசிக்கொண்டு மடக்கி நீட்டச் சொன்னாள். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சம். "சும்மா படுத்துக் கிடக்கக் கூடாது அம்மா. ஆனா வேலையும் செய்யக் கூடாது" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அமராவதி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்து மனித உடம்புக்கு இரண்டு நிலைதான் இருந்தது. ஒன்று வேலை, மற்றது படுக்கை. வேலையுமில்லாமல் படுக்கையுமில்லாமல் நடுவில் ஒன்று உண்டென்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கை அசைந்தால் புல் குறைய வேண்டும், கால் அசைந்தால் தூரம் குறைய வேண்டும். ஒன்றும் குறையாமல், ஒன்றும் கூடாமல் காலைத் தூக்கித் தூக்கிப் போடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள்.

அதை அவளுக்குத் தெரிந்த ஒரு வேலையாக நினைத்துக்கொண்டதில்தான் பிழை வந்தது. அவளுடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தபோது சட்டி பானையோடு கூடக் கொண்டுவந்த சொல் கொந்தரப்பு. இவ்வளவு நிலமென்று அளந்து விட்டுவிடுவார்கள். எப்போது முடித்தாலும் சம்பளம் ஒன்றுதான். கை வேகமுள்ளவள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகலாம். அமராவதி கை வேகமுள்ளவள். கொந்தரப்பு என்றால் தண்ணீர் குடிக்கவும் நிமிரமாட்டாள். அடுத்த கிளினிக் இரண்டு கிழமைக்குப் பிறகு. அப்படியென்றால் மிஸ் தந்திருப்பது இரண்டு கிழமை வேலை. இதை ஏன் இரண்டு கிழமைக்கு இழுக்க வேண்டும்? முடித்துவிட்டால் அடுத்த வேலையைக் கேட்டு வாங்கலாமே.

விடிந்தது முதல் பொழுது சாயும் வரை துவாயை அமத்தினாள், காலைத் தூக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். ஐந்து எண்ணும் வரை பிடிக்கச் சொன்ன காலை, மாயாண்டி கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வரும் வரை பிடித்தாள். வலித்தது. வலித்தால்தானே வேலை என்று நினைத்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் முழங்கால் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கி, தொட்டால் அனலாய்ச் சுட்டது. எழும்ப முடியவில்லை.

மாயாண்டி அன்றைக்குப் பகிடி விடவில்லை. வீங்கினால் ஐஸ் வைக்கும்படி ஆசுப்பத்திரியில் சொன்னது நினைவு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். சந்திக் கடையில் ஐஸ் கட்டி இல்லை. குழந்தைகள் சூப்புகிற ஐஸ்பழம்தான் இருந்தது. ஒரு பை நிறைய வாங்கிவந்து அவள் முழங்காலைச் சுற்றி அடுக்கினான். அது உருகி, தோடம்பழச் செம்மஞ்சளிலும் பச்சையிலும் பாயெல்லாம் ஓடியது. எறும்பு வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வீணாப் போகுதே" என்று மிச்சமிருந்த ஒன்றை மாயாண்டி வாயில் வைத்துக்கொண்டான்.

கிளினிக்கில் பிரேமிளா முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

"அம்மா, நான் சொன்னதை எத்தினை தரம் செய்தனீங்கள்?"

"முழுக்க முடிச்சிட்டன் மிஸ்" என்றாள் அமராவதி. வீட்டில் ஆமா, வெளியில் ஓம் என்று இரண்டு விதமாகப் பேசிப் பழகிய நாக்கு அவளுடையது. "ரெண்டு கிழமை வேலைய மூண்டு நாளில."

"முடிக்கிறதுக்கு இதென்ன, புல்லுப் பிடுங்கிறதே?"

"கொந்தரப்பு மாதிரி எண்டு நினைச்சன்."

"அதென்ன அது?"

அமராவதி சொன்னாள். அளந்து விடுவதை, குனிந்தால் நிமிராததை, மத்தியானத்தோடு வீட்டுக்குப் போவதை எல்லாம் சொன்னாள். பிரேமிளா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"இதை அப்பிடி முடிக்கேலாது அம்மா. நீங்கள் காலைத் தூக்கேக்க சதை வளராது. தூக்கிப்போட்டுப் படுத்திருப்பீங்கள் பாருங்கோ, அப்பதான் வளரும். ஓய விடாட்டி அது எப்பிடி வளரும்?"

அமராவதி தன் காலைப் பார்த்தாள். "அப்ப இது நாள் சம்பள வேலை."

"ஓம். லீவும் இருக்கு."

"லீவுக்கும் சம்பளம் உண்டோ?"

"லீவிலதான் கூடச் சம்பளம்."

இப்படி ஒரு வேலையை அவள் தன் பிறவியில் கண்டதில்லை.

"என்னத்துக்கம்மா இவ்வளவு அவசரம்?"

"மாசிக்கு முன்னம் பெட்டியில ஏறோணும் மிஸ்." இடுப்புக்கு மேலே கையை வைத்து உயரம் காட்டினாள். டயரில் மிதித்து, பக்கத் தகரத்தைப் பிடித்து, காலைத் தூக்கி உள்ளே போடுவதை நின்ற இடத்திலேயே கையால் நடித்துக் காட்டினாள்.

பிரேமிளாவுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து கட்டில் பயிற்சியோடு ஏறி இறங்கும் பயிற்சியும் சேர்ந்தது, வீக்கம் வற்றிய பிறகுதான் என்ற கண்டிப்போடு. "நல்ல கால் முதலில மேல. நோகிற கால் முதலில கீழ. மாறக் கூடாது."

"ஏறேக்க இடதா?" அமராவதியின் முகம் சுருங்கியது. "முதல் நாள் வலதைத்தான் வைக்கோணும் மிஸ். தயாபரன்ர அம்மா கற்பூரம் கொளுத்திக்கொண்டு பக்கத்திலயே நிப்பா."

"அவாவை என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கதைக்கிறன்."

முற்றத்தில் வீடு கட்டி மிஞ்சிய புளொக் கல் ஒன்று கிடந்தது. மாயாண்டி அதை ஆடாமல் மண்ணில் பதித்துக் கொடுத்தான். மழை விட்ட நேரமெல்லாம் அமராவதி அதில் ஏறி இறங்கினாள். இப்போது கதவைச் சாத்திக்கொள்ள வழியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கம்மா வந்து நின்றாள். இருவரும் எத்தனையோ வருசமாக ஒரே பெட்டியில் போனவர்கள்.

"ஏறுறே, எறங்குறே. எங்கடி போறே?"

"எங்கயும் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா போறவளுக்கு ஏன்டி இம்புட்டு வேர்வ?"

மூன்று நாலு நாள் இப்படிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். "தள்ளு, எனக்கும் இந்தக் கால் ஒரு மாதிரித்தான் இருக்கு" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லில் ஏறினாள். ஏறி இறங்கி ஏறியதும் மூச்சு வாங்கியது. "அடியே, இதுக்குக் களை புடுங்கிறது லேசுடி" என்று கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கஷ்டமாக இருந்தது பயிற்சியல்ல, லீவு நாள்தான். அன்றைக்கு டிரக்டர் சத்தம் ரோட்டில் கேட்டுத் தேயும் வரை அமராவதி மடியில் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். சும்மா இருப்பவளைப் பார்த்து யாரோ ஏசுவது போலவே இருக்கும். பிறகு தொடையில் கையை வைத்துப் பார்ப்பாள். தோல் மட்டும் தொங்கிக் கிடந்த இடத்தில் கெட்டியாய் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. தான் குந்திக்கொண்டிருக்க, தனக்காக அது உள்ளே பாடுபடுகிறது. இத்தனை காலமும் உடம்பை அவள் வேலை வாங்கத்தான் தெரிந்து வைத்திருந்தாள். அது அவளைக் கேளாமல் அவளுக்கென்று ஒரு வேலை செய்யுமென்று நினைத்ததில்லை. தை பிறந்தபோது மாயாண்டி முதற்கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்தான். அதிலும் ஏறினாள். சைக்கிள் மிதித்துச் சந்திவரை போய்வந்தாள்.

மாசியில் முதல் கச்சான் நாள். பனி விலகவில்லை. டிரக்டரின் முன்னுக்கு மஞ்சள் தடவி, செவ்வரத்தம்பூ செருகியிருந்தார்கள். தயாபரனின் தாய் இராசேஸ்வரி கற்பூரத் தட்டோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் ஒவ்வொருவராய் வலது காலை டயரில் வைத்து ஏறினார்கள். புதிதாய்க் கல்யாணம் கட்டி வந்த ஜெயரூபி ஒரே எட்டில் உள்ளே போனாள். தங்கம்மா முனகிக்கொண்டு போனாள். கடைசியாக அமராவதி.

"அமராவதியக்கா, ஏலுமோ?" தயாபரன் சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்தான். "பிள்ளையள், ஆராவது அக்காவைத் தூக்கிவிடுங்கோ."

மேலிருந்து நாலு கைகள் நீண்டன.

"ஒருத்தரும் தொட வேண்டாம்" என்றாள் அமராவதி. சத்தம் அவள் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. இடது காலைத் தூக்கி டயரில் வைத்தாள்.

"வலதை வை பிள்ளை, வலதை" என்றார் இராசேஸ்வரி. "முதல் நாளும் அதுவுமா."

அமராவதி வைத்த காலை எடுக்கவில்லை. "பெரியம்மா, என்ர வலது காலுக்கு முதலில மேல ஏற இன்னும் உத்தரவு கிடைக்கேல்ல. இறங்கேக்கதான் அது முன்னுக்குப் போகும்."

"ஆர் உத்தரவு?"

"ஆசுப்பத்திரி மிஸ்."

பெட்டிக்குள் தங்கம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். இராசேஸ்வரி சிரிக்கவில்லை. கற்பூரம் காற்றில் அணையப் பார்த்தது, கையால் மறைத்துக்கொண்டார். "சரி, ஏறு. வயலுக்கை கால் வைக்கேக்கையாவது வலதை வை."

டயரில் இரண்டு காலும் வந்துவிட்டன. இனி இடதைத் தகரத்துக்கு மேலால் உள்ளே போட வேண்டும். இடது கால் டயரை விட்டுக் கிளம்பி உள்ளே விழும் அந்த ஒரு மூச்சு நேரம், அவளுடைய முழுப் பாரமும் வலது முழங்காலில்தான். அவள் எண்ணவில்லை. முழங்காலுக்குள் ஏதோ இறுகியது, நடுங்கியது, நின்றது. அடுத்த கணம் அவள் பெட்டிக்குள் சாக்குகளின் மேல் குப்புற விழுந்து கிடந்தாள். ஜெயரூபி அவளுடைய சேலையைச் சரிசெய்துவிட்டாள்.

"ஏறியாச்சோ?" என்றான் தயாபரன்.

"எடுங்கோ தம்பி."

காட்டோரத்துக் கச்சான் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி உயர்ந்துவிட்டது. டிரக்டர் நின்றதும் பெண்கள் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். ஒவ்வொரு சத்தமும் அமராவதியின் முழங்காலுக்குள் கேட்டது. பெட்டி காலியானது. தயாபரன் தண்ணீர்க் கானை இறக்கிக்கொண்டு போய்விட்டான். தங்கம்மா போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள். முதல் செடியை யாரோ பிடுங்கி உதறியிருக்க வேண்டும். ஈர மண் வாசமும் பச்சைக் கச்சான் வாசமும் சேர்ந்து வந்தன.

அவள் குதிக்கவில்லை. பெட்டியின் பின்பக்க விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தகரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உடம்பை முன்னுக்கு நகர்த்தினாள். வலது கால் கீழே இறங்கியது. பாதம் பனி படர்ந்த புல் நுனிகளைத் தொட்டுக் குளிர்ந்தது. கொலுசு இல்லாத, வெடிப்பு விழுந்த அந்தப் பாதம் விரல்களை விரித்து, இன்னும் கொஞ்சம் கீழே இருந்த மண்ணை அவசரமில்லாமல் தேடிக்கொண்டிருந்தது.