எல்லைக்கோடு தின்ற ரொட்டி

யுத்தம் கிழக்குச் சரிவுக்கு வந்து சேர்ந்த அன்று, கெலிரஷ் கிராமத்து எல்லைக்கோடு தன் இடத்தை விட்டு எழுந்து, பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி, நஸ்தார் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

வேறு எங்கே போகும்? ஊரின் முதல் வீடு அதுதான். கதவும் திறந்திருந்தது.

நஸ்தார் அப்போது தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் எதிராளி சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும். வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். துருப்பிடித்த முள்கம்பித் தலை உள்ளே வந்தது. பிறகு உடம்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது. சுருண்டு படுத்ததில் பாதி அறை நிறைந்துவிட்டது. வால் மட்டும் முற்றத்து அக்ரூட் மரத்தடியில் கிடந்தது. கோழிகள் சுற்றிக்கொண்டு நடந்தன.

"முள்ளை மடக்கி வச்சிருக்கேன்," என்றது எல்லைக்கோடு.

"கம்பளத்தைக் கிழிக்காமப் படு."

"தாங்க முடியலை அக்கா. மேலே ஏவுகணை போகுது. என்னைக் கேட்டா தாண்டுது? கீழே டாங்கி ஏறுது. ஒருத்தன் என் முதுகிலேயே பதுங்குகுழி வெட்டறான். நான் எங்கேதான் படுக்கிறது, சொல்லுங்க."

நஸ்தார் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அது குர்துகளின் மலை. அதன் மேல் மூன்று நாடுகள் கோடு போட்டிருந்தன. நஸ்தார் மேற்கு நாட்டுக்காரி என்று மேற்கு நாடு சொன்னது. எதிர்ச் சரிவில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை ஷிலான் கிழக்கு நாட்டுக்காரி என்று கிழக்கு நாடு சொன்னது. அக்காள் தங்கை இரண்டு பேரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு சரிவில் நின்று கத்தித்தான் பேசிக்கொண்டார்கள். பிள்ளை பிறந்ததையும் கத்தினார்கள். அம்மா செத்ததையும் கத்தினார்கள்.

இப்போது கிழக்கு நாட்டுக்கும் அதற்கு அப்பால் இருந்த ஒரு நாட்டுக்கும் சண்டை. சண்டை அவர்களுக்குள். குண்டு விழுந்தது ஷிலான் ஊரில். அன்று காலை எதிர்ச் சரிவிலிருந்து ஷிலான் கத்தியிருந்தாள்.

"ஊரோட கிளம்பிட்டோம் அக்கா! மத்தியானத்துக்குள்ள பள்ளத்துக்கு வந்துருவோம்!"

"அப்புறம்?"

"அப்புறம் கோடு இருக்கே!"

அதோடு பேச்சு நின்றது. கோட்டை மிதித்தவர்கள் அந்த மலையில் திரும்பி நடந்ததில்லை.

அந்தக் கோடு இப்போது நஸ்தாரின் கம்பளத்தில் கிடந்தது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. வெறும் புல். ஷிலான் ஊர் வந்து சேரும்வரை இதை எழவிடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த ஊரில், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை உப்புத் தொட்டுத் தின்றவர் அந்த வீட்டு விருந்தாளி. விருந்தாளியை யார் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை. எப்போது போவாய் என்று அவரிடம் கேட்பதும் இல்லை. ஒரு விருந்தாளி இன்னொரு விருந்தாளி மேல் கை வைத்தால், கை எடுக்கும்வரை வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது. இதில் மனிதர்கள் தலையிடுவதில்லை. கதவே பார்த்துக்கொள்ளும்.

நஸ்தார் ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தாள். உடனே கொடுத்துவிடவில்லை.

"செர்கோவை ஞாபகம் இருக்கா?"

"எந்த செர்கோ? நிறையப் பேர் இருக்காங்க அக்கா."

"கோவேறு கழுதையில தேயிலை ஏத்திட்டு வந்தான். பனி பெய்ஞ்ச அன்னிக்கு. என் புருஷன்."

எல்லைக்கோடு சுருளை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"இருக்கு," என்றது. "அவர் செருப்பு ஒண்ணு என்கிட்டதான் இருக்கு. இடது கால். மன்னிச்…"

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் வேண்டாம். தின்னு."

உப்பைத் தொட்டு அதன் வாயருகே நீட்டினாள். எல்லைக்கோடு தின்றது. பசியாக இருந்திருக்கவேண்டும், விரலை மட்டும் விட்டுவைத்தது.

முதலில் வந்தவர் மேற்கு நாட்டுக் கேப்டன். இஸ்திரி கலையாத சட்டை. கூட மொழிபெயர்ப்பாளன் பக்தியார் வந்தான். பக்தியார் பக்கத்து ஊரான கீழ்ச்சுனையில் பிறந்து வளர்ந்தவன். மேற்கு, கிழக்கு இரண்டு நாட்டுக்கும் அவன்தான் மொழிபெயர்ப்பாளன். தொப்பியைத் திருப்பிப் போட்டால் மறு நாடு.

"அக்கா, கோட்டைக் கொடுக்கச் சொல்றார்."

"விருந்தாளியக் கொடுக்கிற வழக்கமில்லன்னு சொல்லு."

பக்தியார் சொன்னான். கேப்டன் நீளமாக ஏதோ பேசினார்.

"இது மேற்கு நாட்டோட கிழக்கு எல்லையாம். அவங்க சொத்தாம்."

"ரொட்டி சாப்பிடறாரான்னு கேளு."

கேப்டனுக்கு வழக்கம் தெரியும். சாப்பிட்டாகிவிட்டது என்று கையை ஆட்டினார்.

அதற்குள் கிழக்கு நாட்டுக் கர்னல் வந்துவிட்டார். யுத்தத்திலிருந்து நேராக வந்தவர்; புருவத்தில்கூட மண். பக்தியார் தொப்பியைத் திருப்பினான்.

"அக்கா, இது கிழக்கு நாட்டோட மேற்கு எல்லையாம். அவங்க சொத்தாம்."

"ரெண்டு பேரும் பேசி ஒரே வார்த்தையா சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அவர்கள் பேசவில்லை. மாறி மாறிச் சொன்னார்கள். பக்தியார் தொப்பியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்துப்போய், கடைசியில் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். எதிர் முகட்டில் வடக்கு நாட்டுப் பார்வையாளர் ஒருவர் ஒலிபெருக்கியோடு நின்றார். இருவரில் யார் என்ன சொன்னாலும் "ஆட்சேபணை!" என்றார். அவருக்கு அதுதான் உத்தியோகம்.

மலை மேலிருந்த குர்து ஆட்களும் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கி எடுத்தவர்களில் மேல்சுனைக் கட்சி, கீழ்ச்சுனைக் கட்சி என்று இரண்டு. எல்லைக்கோட்டைக் கைது செய்ய வருகிறோம் என்று இரண்டும் சொல்லி அனுப்பியிருந்தன. முதலில் இறங்குவது யார் என்று மேலே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அது முடியாது என்று நஸ்தாருக்குத் தெரியும். அவள் சன்னலைப் பார்த்தாள்.

எதிர்ச் சரிவில் கதவுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஷிலான் ஊரார் ஆளுக்கொரு வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டியிருந்தார்கள். வீட்டை விட்டு வந்தாலும் கதவை விட்டு வருவது கிடையாது. பாதிச் சரிவுகூட இறங்கியாகவில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்று நாடுகளும் ஒத்துப்போய்விட்டன.

"அக்கா," என்றான் பக்தியார், சத்தம் இறங்கி. "உங்களுக்கு நாடு கிடையாதுங்கிறதுல மூணு பேருக்கும் சம்மதமாம். நாடு இல்லாதவங்க வீடு ஒரு இடமே இல்லையாம். இல்லாத இடத்தில எல்லை இருக்க முடியாதாம். அதனால எடுத்துட்டுப் போறாங்களாம்."

"வடக்குக்காரனுமா?"

"ஆட்சேபணை இல்லைன்னுட்டான்."

கேப்டன் தலைப்பக்கம் பிடித்தார். கர்னல் நடுவில் பிடித்தார். எல்லைக்கோடு கம்பளத்தை இறுகப் பற்றிக்கொண்டது. சன்னலில் கதவுகள் அப்போதுதான் பாறைத் திருப்பத்துக்கு வந்திருந்தன.

நஸ்தார் கத்தவில்லை. அடுப்புக்குள் கைவிட்டு ஒரு ரொட்டியைப் பிய்த்தாள். அது உப்பி, ஓரம் கருகி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே உப்புத் தூவினாள். கேப்டனைத் தாண்டி நடந்து போய்க் கர்னலிடம் நீட்டினாள்.

"இவருக்குத்தான் முதல்ல."

கர்னல் எத்தனை வேளையாகச் சாப்பிடாதவரோ. ஒரு கை எல்லைக்கோட்டில் இருக்க, மறு கையால் வாங்கி வாயில் போட்டுவிட்டார். மென்று விழுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. தெரிந்தும் மென்றார். நல்ல ரொட்டி.

கேப்டனின் முகம் சிவந்தது. பக்தியாரிடம் படபடவென்று பேசினார்.

"அவருக்கு ஏன் முதல்லன்னு கேட்கிறார், அக்கா. மேற்கு நாடு கிழக்கு நாட்டைவிட எதில் குறைச்சல்னு கேட்கிறார்."

"குறைச்சல்னு யார் சொன்னது? அவர்தானே வேண்டாம்னார்."

"இப்ப வேணுமாம். ரெண்டு வேணுமாம்."

இரண்டு கொடுத்தாள். கேப்டன் கர்னலைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் தின்றார். உப்பும் கூடுதலாகக் கேட்டு வாங்கினார். முகட்டிலிருந்து உடனே "ஆட்சேபணை! ஆட்சேபணை!" என்று கேட்டது. நஸ்தார் ஒரு ரொட்டியை வெள்ளாட்டின் கொம்பில் செருகி அனுப்பினாள். ஆடு ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் மெல்லும் சத்தம் கேட்டது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"என்னவாம்?" என்று கர்னல் கேட்டிருக்கவேண்டும். பக்தியார் அவருக்கும் கேப்டனுக்கும் சேர்த்துக் குர்து மொழியிலேயே விளக்கினான், அவனுக்கும் அலுத்துவிட்டது. "நீங்க விருந்தாளி. அதுவும் விருந்தாளி. கை வச்சிருக்கீங்க. எடுத்தாத்தான் திறக்கும்."

மொழி தெரியாவிட்டாலும், சாத்திய கதவைப் பார்த்து இருவருக்கும் புரிந்தது. ஆனால் யார் முதலில் கையை எடுப்பது? எடுத்தவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார். கேப்டன் கர்னலின் கையைப் பார்த்தார். கர்னல் கேப்டனின் கையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நஸ்தார் தேநீர் ஊற்றி, சர்க்கரைக் கட்டியை அவரவர் பல்லிடுக்கில் தானே வைத்துவிட்டாள். பாவம், ஆளுக்கு ஒரு கைதானே இருந்தது.

சன்னலுக்கு வெளியே ஒரு பச்சைக் கதவு போனது. பிறகு ஒரு நீலக் கதவு.

"அதெல்லாம் என்ன?" கேப்டன் சர்க்கரையைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கதவுங்க, ஐயா," என்றான் பக்தியார்.

"கிழக்கு நாட்டுக் கதவா?"

"அங்கேருந்துதான் வருது."

"எல்லையைத் தாண்டுகிறதே?"

"தாண்ட அங்கே எல்லை இல்லையே, ஐயா. உங்க கையில இருக்கு."

கேப்டன் யோசித்தார். சட்டப்படி அது சரியாகத்தான் இருந்தது. கர்னல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். கை மட்டும் விடவில்லை.

கடைசியாக ஒரு சிவப்புக் கதவு வந்து சன்னலை மறைத்து நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அந்தக் குரலை நஸ்தார் கேட்டு முப்பது வருஷம் இருக்கும்.

"அக்கா!" என்று கத்தினாள் ஷிலான். பழக்கதோஷம்.

"காது நல்லாத்தான் கேட்குது. பின்பக்கமா வா."

கொல்லை வழியில் வந்தாள். முதுகுக் கதவை இறக்கிச் சுவரில் சாய்த்தாள். நஸ்தார் அவள் முகத்தை மாவுக் கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிழவி ஆயிட்டே."

"நீ என்ன குமரியா? தூரத்துக்கு நல்லாத்தான் தெரிஞ்சே."

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு. மாமியார்தான் ரெண்டு கதவு கொண்டுவரணும்னு அடம். கொண்டுவந்துட்டா."

நஸ்தார் முன்னறைக்குப் போய்த் தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்து வைத்தாள். இனி ஊற்றுவதற்கில்லை என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் கர்னல் விழித்து இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தார். அவர் எடுத்ததைப் பார்த்துவிட்டுக் கேப்டனும் நிம்மதியாக எடுத்தார். கதவு திறந்தது. ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார். இருவரும் வென்றதாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். பக்தியார் தொப்பியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெறுந்தலையோடு கீழ்ச்சுனைக்கு நடந்தான்.

வெயில் தாழ்ந்தபோது எல்லைக்கோடு தானாக எழுந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் மற்ற செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இடது கால் செருப்பை வைத்தது. பிறகு ஊர்ந்து பள்ளத்தில் இறங்கிப் பழைய இடத்தில் போய்ப் படுத்தது. முன்னைவிட இளைத்துத் தெரிந்தது.

ஏன் என்று, கம்பளத்தை உதறும்போது தெரிந்தது. அது படுத்திருந்த இடத்தில் குட்டி போட்டிருந்தது. சாண் நீளத்தில் ஏழெட்டு எல்லைகள். முள் இன்னும் முளைக்காமல் மெத்தென்று இருந்தன. ஒன்று ஏற்கெனவே வாசல் தாண்டி, மேல்சுனைக்கும் கீழ்ச்சுனைக்கும் நடுவே இருந்த பாதையைப் பார்த்து வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்று ஷிலானின் இரண்டு கதவு மாமியாரை நோக்கிப் போனது. எல்லாவற்றிலும் சின்னது, அக்காள் கோப்பைக்கும் தங்கை கோப்பைக்கும் இடையில் வந்து நேராக நீட்டிப் படுத்தது.

நஸ்தார் அதை நடுவில் பிடித்துத் தூக்கினாள். பாதையில் போனதைக் காலால் மறித்து எடுத்தாள். மற்றவற்றையும் பொறுக்கி மடியில் கட்டி முற்றத்துக்குக் கொண்டுபோய், கோழிக்குஞ்சுக் கூடையைக் கவிழ்த்து அதன் கீழே விட்டாள்.

ஷிலான் ஒரு கல்லைத் தூக்கி வந்து கூடையின் மேல் வைத்தாள்.

"இன்னும் பெரிய கல்லாக் கொண்டா," என்றாள் நஸ்தார்.