நனைந்த அப்பளம்

ரகுநந்தன் தன் மனைவி ஜாஹ்னவியை அடிக்கும்போதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு அப்பளம் நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. அவள் கத்தினால், கல்யாணக் கூட்டம் சிரிக்கிற சத்தம். அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த அந்த அடுக்குமாடியில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை ஸ்பீக்கர், திருவிழா வெடி என்று எத்தனையோ சத்தம்; இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு, ரகுநந்தன் கல்யாணத்துக்குப் போயிருந்த அவர்களுக்குத் தெரிந்த சிரிப்புதான். கல்யாணத்து நலங்கில் வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைத்தபோது, ரகுநந்தன் கொஞ்சம் ஓங்கியே உடைத்தான். அவள் கண் கலங்கியது. விசேஷ வீடுகளில் ஜோக் சொல்வதற்கென்றே கூப்பிடப்படும் ரிடயர்டு பேங்க் மேனேஜர் அழகியமணவாளன் மைக்கை வாங்கி, "இன்னிக்கு அப்பளம், நாளைக்குக் கன்னம். இப்பவே பழகிக்கோடிம்மா" என்றார். மண்டபமே சிரித்தது. பலர் வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ரகுநந்தன் அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், உதடு வீங்கிய ஜாஹ்னவி எதிர் ஃப்ளாட்டுக்குப் போய் அதே அழகியமணவாளன் முன்னால் நின்றாள்.

"மாமா, நான் கத்தினா நீங்கள்லாம் சிரிச்சதுதான் வெளில கேக்கறது. அன்னிக்குச் சொன்னது தப்புன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அப்பவாவது என் குரல் கேக்கும்."

அவர், அப்பளம் இல்லாத விருந்து ருசிக்குமா என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஜாஹ்னவி அடி தாங்காமல் செத்துப்போனாள். கடைசியாக அவள் அழகியமணவாளன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். உள்ளே அவருக்குத் தன் ஜோக்குக்கு விழுந்த சிரிப்பு கேட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரசித்ததாகப் போலீஸிடம் அவரே சொன்னார். ரகுநந்தன் இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அதற்கப்புறம் ஊரில் எந்த நலங்கில் அப்பளத்தை உடைத்தாலும் கன்னத்தில் அறைகிற சத்தம் கேட்கிறது. கூடவே, "மாமா, கதவைத் திறங்கோ" என்று ஜாஹ்னவியின் குரல். முதல் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தாள். அடுத்ததில் நாதஸ்வரத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். குரல் அதையும் தாண்டிக் கேட்டது. அப்பளம் உடைப்பதையே விட்டுவிடலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சமையல்காரர்கள் அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்துத்தான் தட்டில் வைக்கிறார்கள். நனைந்த அப்பளம் சத்தம் போடாது. அதற்கும் அழகியமணவாளன் ஒரு ஜோக் வைத்திருக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.