லிப்டுக்குள் மூன்று பேர்

பிஸ்டலைப் பொலிஸில் ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். அப்படியிருந்தும் நாகேந்திரம் கட்டிலில் இருந்தபடி அதன் மெகசினுக்குள் ரவைகளை அழுத்தி அழுத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"குடுக்கப் போற துவக்குக்கு என்னத்துக்கு ரவை?" என்றாள் மனைவி கௌரி.

"போற வழியில?"

அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இவருடைய ஹாட்வெயார் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒஸ்வால்டை, ஷட்டரை இழுத்து மூடும்போது, மோட்டார்சைக்கிளில் வந்தவன் சுட்டுவிட்டுப் போனான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. கண்ட சாட்சி நாகேந்திரம் ஒருவர்தான். பிறகு போனில் மிரட்டல்கள் வந்தன. அலையாய் அலைந்து துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தார். துவக்கு வந்தால் பயம் போய்விடும் என்று கௌரியும்தான் நம்பினாள். வந்த பிறகுதான் அடுக்குமாடி வீட்டின் கடல் பக்கத்து ஜன்னல்களெல்லாம் பூட்டப்பட்டன. மகள் மேனுகா, "அந்தச் சாமானோட ஒரே வீட்டில என்னால படுக்கேலாது" என்று கிருலப்பனையில் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கௌரிக்குப் போக இடம் இல்லை.

இப்போது அனுமதி பெற்ற துவக்குகளையும் அரசாங்கம் திருப்பிக் கேட்கிறது. அவள் உள்ளுக்குள் சந்தோசப்பட்டாள். முதல்நாள் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வந்த தம்பி ஜனா அதைக் கெடுத்தான்.

"இஞ்ச மெகசினில பத்து ரவைக்கு மேல கூடாதெண்டு சட்டம் கேக்கிறாங்கள், அத்தான். அதுக்கே சனம் உரிமை எண்டு கோட்டுக்குப் போகுது. நீங்கள் முழுத் துவக்கையும் தூக்கிக் குடுக்கப் போறியள்!"

"பத்து காணாதோடா?" என்று கௌரி இடையில் கேட்டாள்.

"எத்தினை பேர் வருவாங்களெண்டு முன்னுக்கே தெரியுமே, அக்கா?"

அந்தக் கேள்வி நாகேந்திரத்தின் மனதில் பதிந்துவிட்டது. காலையில் பல் துலக்கும்போதும் அதையே முணுமுணுத்தார். ஆனாலும் கௌரியோடு வெளிக்கிட்டார். சட்டைக்குள், இடுப்பில், பிஸ்டல்.

லிப்ட் இரண்டு மாடி இறங்கியதும் ஒரு ஆள் ஏறினான். தலையில் முழு ஹெல்மெட், கையில் சாப்பாட்டுப் பை. கதவு மூடிக் கொஞ்சம் இறங்கியதும் கரண்ட் போனது. லிப்ட் குலுங்கி நின்றது. சின்ன அவசர விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கணவர் பிஸ்டலை அவனை நோக்கி நீட்டியிருப்பதைக் கௌரி கண்டாள்.

பை கீழே விழுந்தது. வந்தவன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். "வெடி தியன்ன எப்பா, மாத்தயா!"

"சுடவேண்டாமெண்டு கெஞ்சிறான். சாப்பாடு கொண்டு வந்த ஆளப்பா!" என்றாள் கௌரி.

"ஹெல்மெட்டைக் கழட்டச் சொல்லு."

அவள் சிங்களத்தில் சொன்னாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கையை இறக்கத் துணியவில்லை. கௌரி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். பிஸ்டலின் முனை முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது என்ற நினைவோடு, அந்நிய மனிதனின் தாடைக்குக் கீழே பட்டியைத் தேடிக் கழற்றினாள். நரைத்த மீசை. கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவளைவிட வயது கூடியவர்.

"பாத்திட்டியளே? இறக்குங்கோ."

"இறக்கத்தான் பாக்கிறன், கௌரி." என்றார் நாகேந்திரம். "கை வருகுதில்லை."

ஜெனரேட்டர் உறுமியது. லிப்ட் மெல்ல இறங்கிக் கீழ்த்தளத்தில் நின்றது. கதவு திறந்ததும், வெளியே றோட்டு வெயில் கண்ணைக் கூசவைத்தது. முதலில் யார் அசைவது என்று தெரியாமல் மூவரும் அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு தானாகவே மூடிக்கொண்டது.