சொல்லாமல் உதைக்கிற குதிரை

கல்யாணசுந்தரி கம்பிக்கதவின் கொண்டியை எடுத்தபோது செவலை காதைக்கூட அசைக்கவில்லை. மற்றக் குதிரைகள் அப்படியல்ல. பிடிக்காதது கிட்டே வந்தால் முதலில் காதை மடக்கும், பிறகு வாலைச் சுழற்றும், அதற்கும் கேட்காவிட்டால்தான் காலைத் தூக்கும். செவலைக்கு அந்தப் பாஷை தெரியாது. மதுரையில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக வளர்ந்து, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை. அது சொல்லாமல் உதைக்கும்.

பங்குனியில் தங்கச்சாமியை அப்படித்தான் உதைத்தது. அமராவதிபுதூர் தாண்டி இருக்கும் இந்தக் குதிரைப் பண்ணையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர் அவள் புருஷன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிக் கண்மாய்க்கரை வரை கூட்டிப்போய் வருவார். அன்று தண்ணீர் வாளியோடு செவலையின் பின்பக்கமாக நடந்தார். நெஞ்சில் ஒரே உதை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் முதலாளி குருநாதன் வந்து, அந்த வேலையை அவள் பார்க்கிறாளா என்று கேட்டார். சரி என்றாள். செவலையைப் பார்த்ததும் உடைந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான் எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. புல் போட்டாள், சாணி அள்ளினாள், வீட்டுக்குப் போனாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. தொட்டால் தொடுவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

பள்ளத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் ரோகிணி ஒருநாள் கேட்டுவிட்டாள். “அதுக்குப் புல்லுப் போட எப்படி மதினி உங்களுக்குக் கை வருது?”

“பசிக்கும்ல” என்றாள்.

ஆவணியில் குருநாதன் செவலையை விற்றுவிடத் தீர்மானித்தார். சவாரிக்குப் போகும்போது அதன் வாலில் சிவப்புத் துணி கட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது, பின்னால் வரும் குதிரை விலகி வரட்டும் என்று. யார் வாங்குவார்கள் என்று அவள் கேட்டாள். ஊர்வலக்காரர்கள்தான் என்றார்.

“அங்குட்டு அது பின்னாடி பிள்ளைக ஆடிக்கிட்டுல வருங்க. மத்த குதிரைகளோட விட்டுப் பாருங்க சார். வேலிக்கு இங்குட்டு ஒண்ணு, அங்குட்டு ஒண்ணா கொஞ்ச நாளு நிக்கட்டும். அப்பறம் சேத்து விடுவோம்.”

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். “ஒத்து வரலைன்னா வண்டியேத்திருவேன்.”

மூன்று வாரம் வேலியோடு நின்றது. உதைத்தாலும் அடி பலமாகப் படாமலிருக்கப் பின்னங்கால் லாடங்களைக் கழற்றினார்கள். இன்றைக்குக் கதவு திறந்தது.

கூட்டத்துக்கு மூத்தது அழகி என்கிற பெட்டைக் குதிரை. காதை மடக்கிக்கொண்டு வந்து செவலையை வேலியோரத்துக்கு விரட்டியது. செவலை இரண்டு காலையும் வீசியது, காற்றில்தான் போனது. அழகி பதிலுக்கு உதைக்கவில்லை. தள்ளி நின்றது. செவலை கூட்டத்தை நெருங்கினால் மறுபடி விரட்டியது. நாலு தடவை, ஐந்து தடவை. வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் செவலை பணிந்ததுபோலத் தலையைத் தாழ்த்தி வெறும்வாயை மென்றுகொண்டு நின்றபோது அழகி திரும்பிப் புல் மேயப் போனது. செவலை பின்னாலேயே போனது.

சின்னக் குதிரையொன்று அதன் பின்பக்கம் மோந்து பார்க்க வந்தது. கல்யாணசுந்தரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செவலை காதை மடக்கியது. வாலை ஒரு சுழற்று. சின்னது விலகிக்கொண்டது. கால் எழவில்லை.

இவ்வளவுதானா என்று தோன்றியது அவளுக்கு. மூன்று வாரம், ஒரு காலைப்பொழுது. செவலை வந்த மாசியிலேயே செய்திருக்கலாம். அந்த நினைப்பு வலிக்கும் என்று காத்திருந்தாள். அது வந்து, நின்று, போய்விட்டது.

“பழகிருச்சுபோல. நீ போயிச் சாப்பிடும்மா” என்றார் குருநாதன்.

அவள் போகவில்லை. சாயங்காலம் வேம்படி மணலில் செவலை முன்னங்காலை மடக்கிப் படுத்தது; அப்படியே பக்கவாட்டில் சரிந்து நாலு காலையும் நீட்டிவிட்டது. குருநாதன் பதறி எழுந்தார். “என்னாச்சு அதுக்கு?”

“தூங்குது சார். இன்னொண்ணு காவலுக்கு நின்னாத்தான் இப்படிப் படுக்கும்னு அவுக சொல்லுவாக.”

கதவைத் திறந்து உள்ளே போனாள். அழகி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. செவலையின் பின்னங்கால்கள் இரண்டும் மணலில் கிடந்தன, குளம்பின் அடிப்பக்கம் மண் அப்பி. ஒரு கை தூரத்தில் குந்தி உட்கார்ந்தாள். அதன் மூக்குக்கு முன்னால், மூச்சு பட்டுப் பட்டு, மணலில் சின்னதாக ஒரு குழி விழுந்துகொண்டிருந்தது.