நாலாவது மாடிப் பெரியவர்

"மண்வெட்டியக் கீழ வைங்க," என்றான் ரீஸ்.

பங்கோலே எடுத்ததைத் திரும்பத் தரையில் வைத்தார். குழியில் பாதி மண் விழுந்திருந்தது. ஜமைக்காக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிணத்தைத் தாங்களேதான் மூடுவார்கள். கல்லறைத் தோட்டத்து எந்திரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு மாறி மாறி மண் தள்ளுவார்கள். குழி நிரம்பும்வரை பெண்கள் பாட்டை நிறுத்தக்கூடாது. நவ்லெட் பாடிக்கொண்டே தன் மகன் ரீஸையும் பக்கத்து வீட்டுக்காரர் பங்கோலேயையும் கவனித்தாள்.

என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இங்கேயே வந்து நிற்பான்! அப்பா வெர்னலின் சாவுக்கு இந்த ஆள்தான் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

டாட்டன்ஹாமில் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் டேமியன் என்ற பையன் படம் எடுத்தான். ரவுடிக் கும்பல் கதை. கையில் காசு கிடையாது. நடிகர்கள் அங்கேயே வளர்ந்த பையன்கள், துப்பாக்கிகள் கறுப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக். அனுமதி கேட்டால் கட்டணம் கட்டச் சொல்வார்கள் என்று போலீசுக்கும் சொல்லவில்லை, அக்கம்பக்கத்துக்கும் சொல்லவில்லை. ரீஸுக்கு மண்டியிட்டுச் சாகிற வேடம். தாத்தாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். நிஜத் துப்பாக்கியோடு வந்தவர்கள் பையன்களைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடிவந்த வெர்னல், பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"நாலாவது மாடிலேர்ந்து ஒரு பெரியவர்தான் போன் பண்ணினார்," என்று ஒரு போலீஸ்காரன் வாய்தவறிச் சொன்னான். அது போதாதா? அந்த மாடியில் வெர்னலை விட்டால் பெரியவர் பங்கோலேதான். வெர்னலோ இளவயதில் போலீஸ் அடியில் பல்லைப் பறிகொடுத்தவர். வீட்டில் திருடு போனபோதுகூட அவர்களை வாசல் மிதிக்க விடாதவர். ஜமைக்கா வழக்கப்படி ஒன்பது இரவும் துக்க வீட்டில் ரம்மும் டோமினோ ஆட்டமும் ஆட்களுமாக நிறைந்திருக்க, பங்கோலே மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அவர் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றியது ரீஸ் என்று நவ்லெட்டுக்குத் தெரியும். தடுக்கவில்லை. "அடக்கம் முடியட்டும், அந்தாள நான் பாத்துக்கறேன்," என்று அவன் காலையில் சொன்னதிலிருந்துதான் அவனைக் கண்ணெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தாள்.

பாட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் பங்கோலேயிடம் போனாள்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"என் போன்தான்மா."

"அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?"

அவர் சேறு படிந்த தன் ஷூவைப் புல்லில் தேய்த்தார்.

"போன் என்னுது. பேசினது நான் இல்ல."

"வேற யாரு?"

"உங்கப்பா என் வீட்லதான் இருந்தார். ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்னுட்டார். கீழ பேரன் மண்டி போட்டிருக்கான், தலையில துப்பாக்கி. பதட்டத்துல அவருக்கு நம்பர் அழுத்த வரல, நான் அழுத்திக் கொடுத்தேன். 'சீக்கிரம் வாங்க சார், எம்புள்ளையக் கொல்றானுங்க'ன்னார். போலீஸ்காரன அவர் சார்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லம்மா."

அப்பா, அப்பா என்று நவ்லெட் உள்ளுக்குள் கதறினாள்.

"கதவுல சாயம் ஊத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? உங்க பையன்கிட்டயா? தாத்தா அவனக் காப்பாத்தத்தான் கூப்பிட்டார்னா?"

அவள் குழியோரம் திரும்பி நடந்தாள். ரீஸ் வேர்வை வழிய மண் தள்ளிக்கொண்டிருந்தான். தாத்தாவுக்குக் கடைசியாகச் செய்வதை நன்றாகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி அந்த முகத்தில் இருந்தது. அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா? என்ன சொன்னான் அந்தாளு?"

"தாத்தாவோட சிநேகிதர்டா. அவரும் போடட்டும்."

"அம்மா, போன் பண்ணது…"

"அவர் இல்ல."

"அப்ப யாரு?"

மண்வெட்டியைப் பங்கோலேயிடம் நீட்டினாள். அவர் கோட்டைக் கழற்றி மடித்துப் புல்லில் வைத்துவிட்டுக் குனிந்தார். மண் விழும் சத்தம் கேட்டது.

"யாரும்மா?"

பெண்கள் பாட்டின் அடுத்த அடிக்கு வந்திருந்தார்கள். நவ்லெட் மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடத் தொடங்கினாள்.