காலி இடமுள்ள சீட்டு

எத்தனை முறை கட்டினாலும் புதிய வரிசை பழையதாகவே வந்து நின்றது.

கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட வேலை சொல்வதற்கு எளிது. கணங்களால், அதாவது தொகுப்புகளால், ஆன ஒரு சின்னப் பிரபஞ்சம். பூஜ்யமும் ஒன்றுமாக முடிவில்லாமல் நீளும் வரிசைகள் அதற்குள் உண்டு. அங்கே இல்லாத ஒரு வரிசையைச் சேர்த்து, விதி எதுவும் உடையாமல் பிரபஞ்சத்தைப் பெரிதாக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குப் புது வரிசை முழுதாகத் தெரியாது. அதைப் பற்றிய சீட்டுகள்தான் கிடைக்கும். 'மூன்றாம் இடத்தில் ஒன்று, ஏழாம் இடத்தில் பூஜ்யம்' என்பது ஒரு சீட்டு. முரண்படாத சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வரிசை உருவாகும்.

உருவானது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்று.

கல்லூரியின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருகாலத்தில் பதினோரு பேர் வந்தார்கள். இப்போது அவரும் நூலகரும்தான். "சார், நாளைக்கும் நீங்க பேசலைன்னா ரூமை டைப்பிங் கிளாசுக்குக் குடுத்துடுவாங்க" என்று நூலகர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரமும் போனால் இதையெல்லாம் சுவரிடம்தான் பேச வேண்டும்.

சாயங்காலம் தங்கை ஃபோன் செய்தாள். அவர் வழக்கம்போல் தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தார்.

"சாப்பிட்டேன். மாத்திரை போட்டாச்சு. முட்டிவலி பரவால்ல. சட்டையெல்லாம் தேய்ச்சு வச்சிருக்கேன். இங்க மழை இல்லை."

"ஏண்ணா, செய்தி வாசிக்கிறியா? கொஞ்சம் மூச்சு விடு."

"நீ கேக்கப்போறதைத்தானே சொன்னேன்?"

"அதான்! எல்லாத்தையும் நீயே நிரப்பிட்டா நான் எங்க வாயைத் திறக்கிறது? ஒரு ஓரமாவது காலியா விடேன்." சிரித்தபடி வைத்துவிட்டாள்.

பேச்சு நாற்பது விநாடிகூட நீடிக்கவில்லை. அறை மறுபடி அமைதியானது. அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிகூட இடமில்லை.

பிறகு தன் சீட்டுகளைப் பார்த்தார். தகவல் கூடக்கூட நல்லது என்று எண்ணி, எல்லா இடங்களையும் நிரப்பிய முடிவற்ற சீட்டுகளையும் அனுமதித்திருந்தார். அப்படிப்பட்ட சீட்டே ஒரு முழு வரிசைதான்; சீட்டு உள்ளே இருந்தால் வரிசையும் உள்ளே இருக்கிறது. புதிதாக எதுவும் நுழைய வழியில்லை.

நூலகருக்கு, 'நாளைக்குப் பேசறேன், வந்துடுங்க' என்று அனுப்பிவிட்டு எழுதினார்:

ஒவ்வொரு சீட்டும் எண்ணி முடிக்கக்கூடிய சில இடங்களை மட்டுமே நிரப்பட்டும். எந்தப் பழைய வரிசையை எடுத்தாலும் சீட்டில் ஒரு காலி இடம் இருக்கும். அங்கே பழையதற்கு மாறானதை எழுது: அதில் பூஜ்யம் என்றால் இங்கே ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பிரபஞ்சத்தின் வரிசைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் முறை வரும். கடைசியில் கிடைப்பது பழைய எதனோடும் ஒத்துப்போகாது.