மறுத்தார்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வெல்டர், முகமூடி இல்லாமல் நெருப்பைப் பார்க்காதே என்பார். என் பிழைப்பும் அதேதான். விண்வெளியில் நிற்கும் எங்கள் ஆய்வுக்கலம் சூரியனை ஒரு வட்டத் தகட்டால் மறைத்துவிட்டு, சுற்றிலும் பீறிடுவதைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக அனுப்பும். வெள்ளைப் புள்ளிகள் அதிகமானால் கெட்ட படம் என்று கணினியே ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை இங்கே யாரும் திறப்பதில்லை.

எனக்கு இது ஐந்தாவது மாதம். ஆறு மாதம் தப்பில்லாமல் ஓட்டினால்தான் வேலை நிரந்தரம்.

செவ்வாய் மதியம் வரிசையாக ஒன்பது படம் கெட்டது. கேமரா மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிட்டுப் பிரிவுத் தலைவர் சாப்பிடப் போனார். நான் திறந்தேன். பனி கொட்டியதுபோலப் புள்ளிகள். அவை படத்துக்குப் படம் இடம் மாறின. தகட்டைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் மட்டும் மாறாமல் பெருத்துக்கொண்டே வந்தது. முழு வளையமென்றால் சூரியனில் வெடித்தது நம்மை நோக்கித்தான் வருகிறது. அந்தப் புள்ளிகளோ, அதற்கு முன்னால் ஓடிவந்த துகள்கள் கேமராவில் மோதிய தடங்கள்.

எச்சரிக்கைத் தாள் போனால் செயற்கைக்கோள்காரர்கள் கருவிகளை அணைத்து வைப்பார்கள். அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர் திரும்பியதும் நீட்டினேன்.

“ஏம்மா, குப்பையக் கிளறி வளையம் எடுத்தியாக்கும்? பொய்யாப் போனா நானும் சேர்ந்து தலைகுனியணும்.”

“குனிய வேணாம் சார். ஒரு தடவ நிமிந்து திரையப் பாருங்க.”

“படிச்ச திமிரு.”

“எங்க வீட்டுக்கே மொத்தமா நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன். கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.”

ஒருவர் மறுத்தால் அதைக் குறித்து மற்றவர் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. யாரும் செய்ததில்லை. என் பெயரை எழுதினேன். அவர் இடத்தில் ‘மறுத்தார்’ என்று எழுதி அனுப்பினேன்.

வியாழன் காலை சூரியப் புயல் மோதியது. அணைத்து வைத்தவை தப்பின. மேலிடம் அந்தத் தாளின் மூலத்தைக் கேட்டது. தலைவர் என் மேசைக்கே வந்தார். நிரந்தர உத்தரவைத் தானே பேசி வாங்கித் தருவாராம். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் புதுத் தாள் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

“வேண்டாததையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கியே பழகிட்டீங்க சார். இது ஒதுங்காது.”

உத்தரவு வருமோ வராதோ. மூலத் தாளை மேலிடத்துக்குப் போகும் உறையில் போட்டு, அவர் கண் முன்னாலேயே ஒட்டினேன்.